பழைய தண்ணீரைக் கொட்டுகிற தெரு

குற்றாலத்தில் அருவி நிறைந்து விழுகிற நாட்களில்தான் எங்கள் ஊர் மேட்டுத் தெருவில் குழாய் வறண்டு போகும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மழை வந்தால் வீடுகளில் தண்ணீர்ச் செலவு குறையும் என்று நினைப்பார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் சாரல் விழுந்தால் செலவு கூடும். சாரலோடு சேர்ந்து சொந்தக்காரர்களும் வந்துவிடுவார்கள்.

நான் பேரூராட்சியில் வால்வு ஆப்பரேட்டர். ஜனங்கள் 'தண்ணி தொறக்கிறவரு' என்பார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. குழிக்குள் இறங்கி, நீளமான இரும்புச் சாவியை வால்வில் மாட்டித் திருகிவிட்டால் போதும், யாரிடமும் பேச வேண்டாம் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. குழிக்குள் நிற்கிறவனை மேலே நின்று திட்டுவது ஜனங்களுக்கு ரொம்ப வசதி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சீசனில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. காற்றுக் குழாய்

முதலில் லைனைச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைத் தொட்டியில் இருந்து வருகிற பைப் நடுத்தெரு வழியாகப் போய், அங்கிருந்து ஏறி மேட்டுத் தெருவில் முடிகிறது. ஒரே பைப். நடுத்தெருவை அடைத்துவிட்டு மேட்டுத் தெருவுக்கு மட்டும் தண்ணீர் விட வழியில்லை. நடுத்தெருக்காரர்கள் பிடித்தது போக மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்துக்குப் பிரஷரும் இருந்தால் மட்டுமே மேலே ஏறும்.

மேட்டுத் தெருவில் கடைசி வீடு சண்முகத்தாயுடையது. பீடி சுற்றுகிற அம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள் செல்வி. அந்தச் சீசனில் ஒரு நாள் காலையில் நான் வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போது குழியின் விளிம்பில் காலிக் குடத்தை வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க தண்ணி தொறக்கியளா, காத்துத் தொறக்கியளா? எங்க குழாயில காத்துதான் வருது. வேணும்னா சைக்கிளுக்கு அடிச்சிக்கிடலாம்."

நான் சாவியைப் பார்த்துக்கொண்டே, "பிரஷர் கொறவும்மா" என்றேன்.

"அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. செல்வியப் பிரசவத்துக்குக் கூட்டியாந்தேன். புள்ள பொறந்து வீட்டுக்கும் வந்தாச்சு. பச்ச உடம்பு, தெனம் வெந்நி ஊத்தணும். புள்ளையக் குளிப்பாட்டணும், துணி அலசணும். தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

பேசிக்கொண்டு வந்தவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"திருவேங்கடத்துல இருந்து அவ மாமியா போன் போட்டுட்டா அண்ணாச்சி. 'குளிக்கத் தண்ணியில்லாத வீட்டுல எம்பேரன் கெடக்க வேண்டாம், ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிருதேன்'னு சொல்லுதா. மூணு மாசம் வச்சுப் பாத்து அனுப்பணும்னுதான கூட்டியாந்தேன்? தலப்புள்ள. வச்சிருக்கத் துப்பில்லாம அனுப்பிட்டான்னு எம்மூஞ்சியில எழுதி ஒட்டிருவாவ."

திருவேங்கடம் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. அங்கேயிருந்து ஒரு அம்மா, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் தண்ணீர் இல்லை என்று சொல்லி மருமகளைக் கூட்டிப்போக வருகிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

2. நடுத்தெருவில் தண்ணீர் எங்கே போகிறது

வால்வைத் திறந்த பிறகு தெருவில் நடந்து பார்ப்பது என் வேலையில் சேர்ந்தது. கூச்சத்தால் நான் அதைச் சந்து வழியாகச் சுற்றி முடித்துவிடுவேன். அன்றைக்கு நடுத்தெரு வழியாகவே நடந்தேன்.

குழாய் முதலில் இரையும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் யாராவது ஒருத்தர், "தண்ணி வந்துட்டு!" என்று கத்துவார். உடனே வீடு வீடாகப் பெண்கள் குடத்தோடு வாசலுக்கு வருவார்கள். நிறைந்த குடம். அதைத் தெருவில் கவிழ்ப்பார்கள். சாக்கடை நிறைந்து ஓடும். பிறகு குடத்தை விளக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள்.

தெருமுனை வீடு கணபதி அண்ணாச்சியுடையது. போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி கோமதி மதினி அண்டாவைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அண்டாவைப் பார்த்துக் கேட்டேன்.

"மதினி, அது நேத்துப் புடிச்ச தண்ணிதான?"

"ஆமா, நேத்துப் புடிச்சது. அதான் கொட்டுதேன்."

"நல்லாத்தான இருக்கும்?"

"ராத்தங்குன தண்ணிய விருந்தாளிக்குக் குடுக்கவா? மதுரையில இருந்து எங்க நாத்தனா குடும்பத்தோட வந்திருக்கா. ஊருல போயி என்ன சொல்லுவா?"

அவர் புதுசு என்று பிடிக்கிற தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் முந்தின நாளே ஏறி இரவெல்லாம் கிடந்த தண்ணீர். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் தொட்டியையும் கவிழ்க்கச் சொல்வார்கள்.

மாடியில் மதுரைக் குடும்பம் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தது. காலையில்தான் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கியதை நானே பார்த்திருந்தேன். அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அருவியில குளிச்சது எப்படிவே குளியலாகும்?" என்றார். "எண்ணெ தேச்சிப் போயிருக்காவ. அந்தக் கூட்டத்துல முதுகு தேய்க்க முடியுமா? வீட்டுல வந்து சோப்புப் போட்டு ஒரு குளி குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும். நீரு சாவியப் புடிக்கிற வேலையப் பாரும்."

3. நான் செய்து பார்த்தவை

முதலில் கூடுதல் நேரம் திறந்து வைத்தேன். கூடத் தண்ணீர் விட்டால் கடைசி வீடு வரைக்கும் போகும் என்று யாருக்கும் தோன்றும். போகவில்லை. நேரம் இருக்கிறதென்று நடுத்தெருக்காரர்கள் காரைக் கழுவினார்கள், மொட்டை மாடியைக் கழுவினார்கள். ஒருத்தர் எருமையைக் குளிப்பாட்டினார். எருமை அவருடையதுகூட இல்லை.

அடுத்து, நேரத்தை மாற்றி மாற்றித் திறந்தேன். எப்போது வரும் என்று தெரியாவிட்டால் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்ச முடியாது என்று ஒரு கணக்கு. அது அதைவிட மோசம். குழாயைத் திறந்தபடியே விட்டு, அடியில் டிரம்மை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். டிரம் நிறைந்து வழிந்து வாசலெல்லாம் குளம்.

பிறகு வழியில்லாமல் கணபதி அண்ணாச்சி வீட்டு மோட்டாரைப் பற்றி ஆபீசில் சொன்னேன். பைப்பில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது தப்பு. எல்லோருக்கும் அது தெரியும். ஆபீசர் வந்தார். அவர் வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. கணபதி அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் மோட்டார் இருந்த இடத்தில், கோழியை மூடி வைக்கிற பஞ்சாரம் ஒன்று கவிழ்த்திருந்தது.

"இதுக்குள்ள என்ன?" என்றார் ஆபீசர்.

"அடக்கோழி சார். கைய வச்சாக் கொத்தும்."

ஆபீசர் கையை எடுத்துக்கொண்டார். அடைக்கோழிக்கு எதற்கு வயர் போகிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேறு ஊரில் வேறு வேலை இருந்தது. அவர் போனதும் அண்ணாச்சி என் தோளில் கை வைத்து, "என்னவே, நம்மகிட்டயேவா?" என்று சிரித்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சண்முகத்தாய் மகளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

4. சம்பந்தி வந்த காலை

ஞாயிற்றுக்கிழமை. நான் குழியில் இருந்து ஏறும்போது, பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு அம்மா கையில் பையோடு நின்றார். காதில் பாம்படம் போட்டு இழுத்த ஓட்டை மட்டும் இருந்தது.

"எய்யா, சண்முகத்தாய் வீடு எங்கிட்டு?"

நான் கையைக் காட்டுவதற்குள் குழாய் இரைந்துவிட்டது. "தண்ணி வந்துட்டு!" என்று ஒரு குரல். வாசல்தோறும் குடங்கள் கவிழ்ந்தன. அந்த அம்மா நின்றுவிட்டார்.

"எதுக்குய்யா கொட்டுறாக?"

"பழைய தண்ணிம்மா."

"புழு விழுந்திருச்சா?"

"இல்லம்மா. நேத்துப் புடிச்சது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையை என் குழி ஓரத்தில் வைத்துவிட்டு, நேராகக் கோமதி மதினி வாசலுக்குப் போனார். மதினி அண்டாவைச் சாய்க்கப் போகிற நேரம்.

"கொட்டாதீக தாயி. எனக்கு ஊத்துங்க. குடம் மட்டும் ஒண்ணு குடுங்க, திருப்பித் தந்துருதேன்."

"நீங்க யாரு?"

"மேட்டுத் தெரு சண்முகத்தாய்க்குச் சம்பந்தி. திருவேங்கடம். எம்மருமக பெத்துக் கெடக்கா. வீட்டுல குளிக்கத் தண்ணியில்ல."

மதினிக்கு முகம் மாறிவிட்டது. மாடியில் நாத்தனார் எட்டிப் பார்க்கிறார்.

"அய்யய்ய, பழசு எதுக்கும்மா? இருங்க, புதுசு புடிச்சுத் தாரேன்."

"புதுசு ஒங்களுக்கு இருக்கட்டும் தாயி. வேண்டாம்னு கொட்டுறதத்தான் கேக்கேன்."

அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே வார்த்தை. 'சண்முகத்தாய்க்குச் சம்பந்தி. மருமக பெத்துக் கெடக்கா.' குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கடையில் உப்பு கேட்கிறது போலக் கேட்டார். யாரும் கொட்டவும் முடியாமல் உள்ளே கொண்டுபோகவும் முடியாமல் குடத்தோடு நின்றார்கள். தெருவில் நிறைகுடங்கள் வரிசையாக நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கணபதி அண்ணாச்சி துண்டோடு வெளியே வந்தார். நிலைமையைப் பார்த்ததும் என் மேல்தான் பாய்ந்தார்.

"ஏம்வே, சம்பந்தி வீட்டு ஆளத் தெருத் தெருவாத் தண்ணி கேக்க விட்டிருக்கீரே! நாளைக்கு அந்த ஊருல நம்ம ஊரப் பத்தி என்ன பேசுவாவ?"

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"மோட்டார நிறுத்துங்க அண்ணாச்சி."

"எந்த மோட்டாரு?"

மாடியில் இருந்து நாத்தனார் கேட்டார்: "அண்ணே, அந்தப் பஞ்சாரம் ஏன் இரையுது?"

அண்ணாச்சி உள்ளே போனார். இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலும் நின்றது. எதிர்வீட்டிலும் நின்றது. இத்தனை மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதே அவை நின்ற பிறகுதான் தெரிந்தது.

நான் மேட்டுத் தெருவுக்கு ஓடினேன். கடைசி வீட்டுக் குழாயில் முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. அதுவும் பெருத்தது. சண்முகத்தாய் குடத்தை வைக்க மறந்து நின்றார். பின்னாலேயே சம்பந்தியம்மா ஒரு குடத்தோடு ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் கோமதி மதினி இடுப்பில் ஒரு குடம். நடுத்தெருப் பெண்கள் இன்னும் சிலர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

தண்ணீரை இறக்கிய பிறகு சண்முகத்தாய் சம்பந்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மதினி, சாப்புட்டுட்டுக் கெளம்புங்க. செல்வி துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

"எங்கிட்டுக் கெளம்ப?" என்றார் சம்பந்தி. "நான் போயிட்டா நாளைக்கு அங்க நின்னு கேக்க யாரு இருக்கா? அடுப்பப் பத்த வையுங்க. புள்ளையக் குளிப்பாட்டுவோம்."

5. அதன் பிறகு

செல்வி மூன்று மாதமும் தாய் வீட்டில் இருந்தாள். மாமியாரும் கூடவே இருந்தார். தண்ணீர் வருகிற ஒவ்வொரு நாளும் காலிக் குடத்தோடு நடுத்தெருவில் வந்து நிற்பார். கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கொட்டுகிற கைகள் நின்றுவிட்டன. முந்தின நாள் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அவர்கள் திருவேங்கடம் போன கொஞ்ச நாளில் பஞ்சாரம் மறுபடியும் இரைய ஆரம்பித்தது.

ஒரு வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பதற்கு ஆபீசில் பல காரணம் சொல்வார்கள். ஆள் எத்தனை, டேங்க் எவ்வளவு பெரிசு, சீசனா இல்லையா என்று. எல்லாம் சரிதான். என் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு. தனக்கு அடுத்து அந்தப் பைப்பில் காத்திருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பது. தெரியாதவரைக்கும் நம் ஜனங்கள் கொட்டுவார்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை. மேட்டுக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது என்பதே அவர்கள் நினைப்பில் இல்லை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வால்வைத் திறந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கடைசி வீட்டில் ஒரு காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

"வந்துட்டாரு பாரு, குடத்தத் தூக்கிக்கிட்டு. நம்ம மானத்த வாங்கவே பொறந்திருக்காரு" என்று கணபதி அண்ணாச்சி தெருவுக்கே கேட்கிற மாதிரித் திட்டுவார். திட்டிக்கொண்டே உள்ளே போய் சுவிட்சை அணைப்பார். திட்டட்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுகிறது.