காலா மீனின் தலை

எங்கள் வீட்டில் மீன் தலை என்னுடையது. கல்யாணமாகிக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான். மாமியார் என்னிடம் குறை சொல்லாத நாள் கிடையாது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தாராளம். "தலைய அவளுக்கு வை, அவதான் ஒழுங்கா சாப்பிடுவா" என்பார். மற்றவர்களுக்கு முள் எடுக்கப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, கடைசியில் தட்டைப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தலையை நிதானமாகப் பிரித்து உறிஞ்சும் அரைமணி நேரம்தான் வாரத்தில் எனக்கென்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அனுபவித்து வந்த உரிமை. அதைத்தான் என் கொழுந்தன் பிடுங்கினான்.

கணவரின் தம்பி அவன். எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறான், சாப்பாடு மட்டும் கீழே எங்களோடு. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் திடீரென்று காற்றடித்து விரிக்கிற ஒரு கயாக் படகு வாங்கினான். ஞாயிறு விடிவதற்குள் ஆபீஸ் நண்பர்களோடு கோவளம் பக்கம் போய்விடுவான். மூன்று வாரம் வெறுங்கையோடும் கருத்த முகத்தோடும் வந்தான். நாலாவது வாரம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான் பாருங்கள், கோயில் யானைக்குக்கூட அந்த நடை வராது.

"சால்மன், அண்ணி! இந்தியன் சால்மன்! கயாக்ல உக்காந்து தூண்டில்ல பிடிச்சேன்."

தாம்பரம் மார்க்கெட்டில் நான் வருஷக்கணக்காகக் காலா என்று கேட்டு வாங்குகிற மீன். இவன் வாயில் சால்மன் ஆகிவிட்டது. சரி, ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று கழுவி, குழம்பு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அவன் கரண்டியை எடுத்துச் சட்டியைத் துழாவி, தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

"பிடிச்சவனுக்குத்தான் தலை. இனிமே இதான் ரூல்."

மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பின்ன, கடலுக்குப் போய் வந்த புள்ளைக்கு இல்லாமயா?" என்றார். இருபத்திரண்டு வருஷத்து வழக்கம் ஒரு வாய் சோற்றுக்குள் போயே போய்விட்டது. அவனாவது முழுசாகச் சாப்பிட்டானா என்றால் அதுவும் இல்லை. கன்னத்துச் சதையை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தை ஒதுக்கி வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

"அப்படின்னா அடுத்த வாரம் நானும் வரேன். நான் பிடிச்சா எனக்குத் தலை" என்றேன்.

"அண்ணி, உங்க வெயிட்டுக்குக் கயாக் முழுகிடும். அப்புறம் உங்களத் தூக்க கிரேன்தான் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்கூடச் சிரித்தார். அவருக்கு அன்றிரவு தோசை தீய்ந்துதான் வந்தது. ஆனால் கொழுந்தனுக்கு வெறும் தோசை போதாது என்று முடிவு செய்தேன்.

ஏனென்றால் மீனைக் கழுவும்போதே நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். செவுளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு வரி, நூலால் இறுக்கிக் கட்டி அவிழ்த்தது மாதிரி. அந்த இடத்தில் செதில் பெயர்ந்திருந்தது. வலையில் தலையை விட்டு மாட்டிக்கொண்ட மீனுக்குத்தான் அந்தத் தழும்பு வரும். அதன் வாயைத் திறந்து பார்த்தேன். தூண்டில் முள் குத்திய அடையாளம் எதுவும் இல்லை. அடப்பாவி, கரையில் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து எங்களிடம் கதை விட்டிருக்கிறான்!

நான் மீனின் வாயைப் பிளந்து பார்ப்பதை அவனும் பார்த்தான். "என்ன அண்ணி பாக்குறீங்க?" என்றான். "ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து மீன் துண்டு போட்டே வந்தது. "கரையிலயே கிளீன் பண்ணிட்டேன் அண்ணி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான். தலை மட்டும் முழுசாக வரும், அவன் தட்டுக்கு.

அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் என்ன நடக்கும்? "அண்ணிக்குப் பொறாமை" என்பான், மாமியார் அவன் பக்கம், கணவர் பேப்பர் பக்கம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கறுவினேன். நிஜமாகவே கயாக்கில் போய், நிஜமாகவே தூண்டிலில் ஒரு காலாவைப் பிடித்து, வாயில் முள் குத்திய ஓட்டையோடு இவன் முன்னால் போடவேண்டும். வாடா மகனே, இதுதான் தூண்டில் மீன், உன் மீனில் எங்கே இந்த ஓட்டை என்று எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டும்.

இரண்டு மாதம் திட்டம் போட்டேன். மகளின் பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் பின்பக்கமிருந்து எழுதினேன். கோவளத்தில் கயாக் வாடகைக்கு விட்டுக் கூடவே வருகிற ஒருவரின் நம்பரை விசாரித்து வாங்கி, மதிய இடைவேளையில் பள்ளிக்கூட மொட்டைமாடியிலிருந்து பேசினேன். நான் அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறேன். முதல் கேள்வியே என் எடையைப் பற்றித்தான்.

"அண்ணா, நான் எண்பத்திரண்டு கிலோ. கயாக் தாங்குமா?"

"நான் தொண்ணூத்தஞ்சு கீறேன் யக்கா. என்னியே தாங்குது. நீ வா."

போனை வைத்துவிட்டு அங்கேயே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தேன்.

காலா எப்போது கடிக்கும், எதைக் கடிக்கும் என்றெல்லாம் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன். தண்ணீர் ஏறி வரும் நேரம் முகத்துவாரத்துப் பக்கம் நிற்கவேண்டும். உயிர் இறால் வேண்டும். மீன் இழுத்தால் பதறி இழுக்கக்கூடாது, கொஞ்சம் விட்டுப் பிடிக்கவேண்டும். ஆன்லைனில் தூண்டில் வாங்கினேன். மாலையில் துணி எடுக்கப் போவது போல மொட்டைமாடிக்குப் போய், முள்ளுக்குப் பதிலாக ஒரு பழைய பூட்டைக் கட்டி வீசிப் பழகினேன். மூன்றாம் நாள் பூட்டு பறந்துபோய் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு சட்டையின் காலரைச் சுற்றிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தேன். சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எந்நேரமும் அவன் முகம் சுருங்குகிற காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லப்போனால் அந்த இரண்டு மாதமும் சந்தோஷமாகவே இருந்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். "நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போறேன். நீ போகவேண்டாம் தம்பி, ரெஸ்ட் எடு."

கணவர், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். கொழுந்தன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

விடியற்காலையில் ஸ்கூட்டியை எடுத்தேன். வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் சாலையைப் பிடித்துக் கோவளம். கயாக் என்னைத் தாங்கியது. கயாக்கார அண்ணன் பின்னால் துடுப்புப் போட, நான் முன்னால் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் பயத்தில் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். இறால் கரைந்துகொண்டே போனது. மூன்றாவது மணியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. உயிரே கைக்கு வந்தது போல இருந்தது. பதறாமல் விட்டுப் பிடித்து மேலே கொண்டுவந்தால், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி.

"முள்ளு குத்திடும் யக்கா, கை வைக்காத" என்று அண்ணன் அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். "காலால்லாம் நெனச்ச அன்னிக்கு வராது. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம்! இன்று வெறுங்கையோடு போனால் அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாதா? கரையில் இறங்கியபோது அழுகையே வந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மணலில் வீசினேன்.

அப்போதுதான் படகு ஒன்று வலையோடு கரையேறியிருந்தது. ஒரு அம்மா மீன் கூடையை முன்னால் வைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா யக்கா, காலா வேணுமா? இப்பதான் வந்துது. பாரு, உசுரு கீது."

ஏழெட்டு இருந்தன. அவர் நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "இத எடுத்துக்கோ. ஒரு தழும்புகூட இல்ல."

நான் அந்த மீனைப் பார்த்தேன். பிறகு கூடையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று கிடந்தது. செவுளுக்குப் பின்னால் கன்றிச் சிவந்து, செதில் பெயர்ந்து, வலை இறுக்கிய வரி அப்பட்டமாகத் தெரிந்தது.

"அது வேண்டாம்மா. அந்தத் தழும்பு இருக்கறதக் குடுங்க."

"எல்லாம் நல்லதா பாத்து எடுப்பாங்க. நீ இன்னா இத்தப் போய்க் கேக்குற?"

"அதுதான் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் மீனைக் கழுவவில்லை, வெட்டவில்லை. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பேப்பரை விரித்து, கொழுந்தன் காலடியில் முழுசாக வைத்தேன். தழும்பு மேலே தெரிகிற மாதிரி வைத்தேன்.

"தூண்டில்ல பிடிச்சேன் தம்பி. நீதான் எக்ஸ்பர்ட். பாத்துச் சொல்லு."

குனிந்தான். விரல் செவுள் வரை போய் அந்த வரியில் நின்றது. மெதுவாக வாயைத் திறந்து பார்த்தான், நான் அன்றைக்குப் பார்த்தது போலவே. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவே இல்லை.

"நீ கொண்டு வர்ற மீன் மாதிரியே இருக்கா?" என்றேன்.

காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. மாமியாருக்குப் பொறுமை இல்லை. "என்னடா முழிக்கிற? நிஜமாவே இவ பிடிச்சதுதானா?"

அவன் பொய் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தழும்பைக் காட்டவேண்டும். காட்டினால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்திக்கு வரும்.

"ஆமாம்மா" என்றான். "தூண்டில்ல பிடிச்சதுதான். அண்ணிதான் பிடிச்சிருக்காங்க."

குழம்பு வைத்தேன். அன்று நானும் எல்லோரோடும் உட்கார்ந்தேன், கரண்டியை அவன் கையில் கொடுத்தேன். "ரூல் நீ போட்டதுதானே தம்பி. வை." அவன் கையாலேயே தலையை என் தட்டில் வைத்தான். கணவருக்கு வால் துண்டு. அரைமணி நேரம் இல்லை, அன்று ஒரு மணி நேரம் சாப்பிட்டேன். கன்னம், மூளை, கண் என்று ஒன்று விடவில்லை. அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது, "இரு தம்பி, குழம்பு ஊத்தட்டுமா?" என்று உட்கார வைத்தேன்.

பொய் சொன்னதற்கு வெட்கம் இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஆனால் தலை அவ்வளவு ருசி.

அதற்குப் பிறகு அவன் சால்மன் கொண்டு வருவதில்லை. கயாக் மாடிப்படிக்குக் கீழே சுருட்டிக் கிடக்கிறது. மாமியார்தான் விடுவதாக இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "எங்க மருமக கடலுக்குப் போய்த் தூண்டில்ல மீன் பிடிச்சா" என்று ஆரம்பித்துவிடுகிறார். கேட்பவர்கள் என் உடம்பை மேலும் கீழும் பார்த்து, நிஜமாகவா என்கிறார்கள். நான் பந்தியில் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடி, கையைக் காட்டி, "என் கொழுந்தனையே கேளுங்க, அவர்தான் பாத்துச் சொன்னார்" என்கிறேன்.