கோட்டையிடம் இரவல் வாங்கிய கல்

எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று செங்கற்கள் இருக்கின்றன. இந்தக் காலத்துச் செங்கல் மாதிரி இல்லை, சிறியவை, ஒல்லியானவை. ஒரு பக்கம் முழுக்கக் கரி. எத்தனையோ மழை பெய்தும் அது போகவில்லை. வருகிறவர்கள், இதைத் தூக்கிப் போடக் கூடாதா என்பார்கள். எப்படிப் போடுவது? அவை எங்களுடையவை அல்லவே.

பெரியம்மா கல்யாணமாகிக் கோட்டைக்குப்பத்துக்கு வந்து தனிக்குடித்தனம் வைத்தபோது அடுப்புக் கூட்டக் கல் இல்லை. பெரியப்பா பழவேற்காட்டு டச்சுக் கோட்டைக்குள் போய், அகழியோரச் சுவரிலிருந்து மூன்று செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை; குப்பத்தில் பாதி வாசற்படி அந்தக் கோட்டைதான். பெரியம்மா மட்டும், கேட்காமல் எடுத்தது திருட்டு என்று பிடிவாதமாக நின்றார். "இரவலாத்தான் எடுத்தாந்துகீறேன். வீடு கட்டுனதும் குடுத்துடலாம், உடு" என்று பெரியப்பா சமாளித்தார். சமாதானத்துக்குச் சொன்ன பேச்சு அது. ஆனால் இரவல் வாங்கிய முறத்தைக்கூடப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனுஷியிடம் அல்லவா சொன்னார்! மறுநாளே அந்த இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லி, எதிரே நின்ற வேப்பமரத்தை அடையாளம் வைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களோடு இருந்து, அந்த அடுப்பு நண்டுக் குழம்பில் வளர்ந்தது நான்தான். பிறகு வீடு கட்டினார்கள், கேஸ் வந்தது, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். "அவரு சொன்ன சொல்லு அப்படியே நிக்குது" என்று பெரியம்மா புலம்பிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள், கோட்டையைப் பாதுகாக்கப் போகிறோம், வீடுகளில் அதன் கல் இருந்தால் கொடுங்கள் என்று தொல்லியல் துறைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று குப்பமே வாயை மூடிக்கொண்டது. பெரியம்மா மூன்று கல்லையும் கழுவி மஞ்சள் பூசி, மீன்கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டார். துணைக்கு நான் போனேன்.

கோட்டையில் இருந்த இளம் அதிகாரி, வேலியோர இடிபாட்டுக் குவியலைக் காட்டி, "அதுல போட்டுட்டுப் போங்கம்மா" என்றார். பெரியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னா நைனா, குப்பையாட்டம் கொட்டிட்டுப் போறதா? எடுத்த எடத்துலதான் வைப்பேன். எடம் எனக்குத் தெரியும்."

அவர் மறுக்காமல் கூடவே வந்தார். முள் வெட்டிய தடத்தில், அகழியை ஒட்டி நடந்தோம். வேப்பமரம் இருந்தது. சுவர் இல்லை. எந்த மழையிலோ மொத்தமாகச் சரிந்து, மண்மேடாகிப் புல் முளைத்துக் கிடந்தது. பெரியம்மா கூடையை இறக்காமலே நின்று அழுதார். பெரியப்பா போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"குடுத்தவங்களே இல்லியே நைனா. நான் யார்கிட்ட குடுக்கறது?"

அதிகாரி மண்மேட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "நீங்களே வச்சுக்குங்கம்மா" என்றார்.

"வச்சிக்கறேன். ஆனா இரவலாத்தான்."

அதற்குப் பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் மாடியில் அந்தக் கற்களைக் கூட்டித்தான் பானை ஏற்றினார். பற்றவைக்கும் முன் கோட்டை இருக்கும் திக்கைப் பார்த்து, "உன்னுதுதான், பத்திரமா வச்சிகினுகீறேன்" என்பார். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

இந்தப் பொங்கலுக்குப் பெரியம்மா இல்லை. கோட்டையில் மிஞ்சிய சுவர்களைச் சுற்றி வேலி மட்டும் நிற்கிறது. கேஸ் அடுப்பே போதும் என்றார்கள் வீட்டில். நான் மூன்று கல்லையும் எடுத்துக் கூட்டினேன். கையெல்லாம் கரி. தீக்குச்சியை உரசும் முன் கோட்டைப் பக்கம் திரும்பி, "உன்னுதுதான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.