காலண்டர் தாளின் பின்பக்கம்

கயல், அருண், உங்கள் அத்தை, என் அக்கா, மறைந்து ஓராண்டு. இந்த நினைவு மலரை உறவினர் எல்லோரும் படிப்பார்கள். ஆனாலும் நான் எழுதுவது உங்களுக்கு. நீங்கள் தமிழை மெல்லப் படிப்பவர்கள் என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற எனக்கு வருவதும் அதுதான்.

உடுமலைப்பேட்டையில் பிறந்து, திருமணமாகி டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான பேர்லேண்ட் வந்தவர் அத்தை. நாலே வருடத்தில் மாமாவை இழந்தார். ஊருக்கே வந்துவிடு என்றார்கள். அன்றுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் மூன்று வரி எழுதினாராம்: தெரிந்தது, தெரியாதது, தவறினால் என்ன செய்வது. எழுதிப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கற்றார். என்னையும் வரவழைத்தார்.

அப்போது உங்கள் அம்மாவின் வயிற்றில் கயல்; ஒன்பதாம் மாதம். புயல் வரலாம் என்றார்கள். காலையிலேயே புயல் எட்டாத டல்லாஸுக்குக் கிளம்பலாம் என்றார் அத்தை. ராகு காலம் போகட்டும் என்று ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தவன் நான். ஊர்க் காலண்டரில் போட்ட நேரம் டெக்சாஸ் சூரியனுக்குப் பொருந்தாது என்பதுகூட எனக்குத் தெரியாது. அதற்குள் ஊரே கிளம்பி, ஃப்ரீவே நிரம்பிவிட்டது. நாலு மணி நேரத்தில் ஹூஸ்டனையே தாண்டவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி தொடங்கியது.

“தம்பி, அடுத்த எக்சிட்ல திருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இத்தனை தூரம் வந்துட்டமே அக்கா.”

“வந்தது வந்தாச்சு. அதைக் கட்டிக்கிட்டு அழுவியா? எதிர் ரோடு காலியாக் கெடக்குது பாரு.”

“புயல் வந்துட்டா?”

“வருமான்னு எனக்குந் தெரியாது. வலி நிக்குமான்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்தா ரெண்டும் வந்தாலும் சமாளிக்கலாம். ரோட்டுல நின்னா ஒண்ணைக்கூட முடியாது.”

அம்மா வலியோடு என்னைப் பார்த்து, “இதுக்கும் ராகு காலம் பாக்கோணுங்களா?” என்றாள். திருப்பினேன்.

மறுநாள் மதியம் கயல் பிறந்தாள். புயல் வேறு பக்கம் போய்விட்டது. “அக்கா சொன்னது பலிச்சுருச்சு” என்றேன்.

“புயல் போனது அதிர்ஷ்டம். அதை எம்மேல ஏத்தாதே. வந்திருந்தாலும் நாம திரும்புனது சரிதான்.”

பல வருடம் கழித்து அத்தைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்; செய்யாவிட்டால் ஒரு வருடம் தாங்காது. நான் பயந்து வேண்டாம் என்றேன். அத்தை காலண்டர் தாளில் அதே மூன்று வரியை எழுதி, மடித்து, என் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிழைத்தார். முழுசாக ஆறு வருடம். கயலுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அருண் பட்டம் வாங்கிய அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தார். கடைசி வாரம்கூடச் சீட்டாட்டத்தில் என்னை ஜெயித்தார். ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் முறை வைத்துக் கார் ஓட்டிய அங்கிள்களையும், ரசமும் சாதமும் கொண்டுவந்த ஆன்ட்டிகளையும் கும்பிடுகிறேன்.

அந்தத் தாளை அவர் இருந்தவரை பிரிக்கத் தோன்றவில்லை. போன பிறகுதான் பார்த்தேன். ‘தவறினால்’ என்பதற்கு நேராக எழுதியிருந்தார்: “தம்பி அழட்டும். ஆனால் முடிவு தப்பு என்று சொல்லக் கூடாது.”

அழுவதை ஒரு வருடமாகச் செய்துவிட்டேன் அக்கா. முடிவு தப்பு என்று சொல்லத்தான் நீங்கள் இடமே வைக்கவில்லை.