சத்தம் போடாத ஃபிரிட்ஜ்

தம்பி பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, தினமும் இன்சுலின் போட வேண்டியதாயிற்று. திருநின்றவூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஓட்டலில் ஏசி வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, அங்கே அறையிலிருந்து கழித்துப் போட்ட குட்டி ஃபிரிட்ஜ் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிவந்தார்.

“இதுல மோட்டாரே கெடையாதுக்கா. பின்னாடி சூடாவும், உள்ள சில்லுனு ஆவும். சத்தமே வராது,” என்றவர், டீ குடித்துக்கொண்டே ஒரு கதையும் சொன்னார். “அந்தக் காலத்துல வெளிநாட்ல ஒரு ஊட்ல ஃபிரிட்ஜ்ல இருந்து வெஷவாயு கசிஞ்சி, தூங்கினு இருந்த குடும்பமே பூட்ச்சி. அதுக்கப்புறம்தான் ஓடுற பார்ட்டே இல்லாம, கசியாத மாதிரி பண்ணணும்னு யோசிச்சாங்க.”

எனக்கு எட்டு வயது. கதையின் முதல் பாதிதான் மனதில் நின்றது.

ஃபிரிட்ஜை அம்மா படுக்கும் அறையிலேயே வைத்தார்கள். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும், மூச்சு வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஃபிரிட்ஜின் முதுகு தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் பயம் தாங்காமல் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா எழுமுன் செருகிவிட்டேன். பிறகு தினமும் அப்படித்தான். சத்தமே இல்லாத பெட்டி நின்றது யாருக்குத் தெரியும்?

ஒருநாள் நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா மருந்து பாட்டிலோடு நின்றாள்.

“வெதுவெதுன்னு கீது. நேத்து போட்டதும் கெட்டுப் போனதா இருந்தா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்பாவுக்குப் போன் செய்ய அவள் வெளியே போனதும் பிளக்கைச் செருகினேன். அப்பா வழியில் ஆவடியில் இறங்கிப் புது பாட்டில் வாங்கி வரும்வரை வயிற்றில் கைவைத்தபடியே அம்மா உட்கார்ந்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கியதைச் சொல்லப் பயந்து நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். மருந்து பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனது. எங்களுடையதை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். “ஓட்டல்ல தூக்கிப் போட்டத என் பொண்டாட்டிக்குக் கொண்டாந்து வச்சியே,” என்றார் அப்பா.

மாமா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். அருகில் நின்ற என் முகத்தில் சில்லென்று காற்று பட்டது. அவர் கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அப்பா எட்டிப் பார்க்குமுன் மாமா கதவைச் சாத்தினார்.

“பழசாயிட்ச்சி மச்சான். பார்க்காம எட்த்தாந்தது என் தப்புதான். நானே திருப்பி எட்த்துனு போறேன்.”

அவ்வளவு சில்லென்று இருந்ததை வைத்துக்கொண்டு மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ஆபத்து வீட்டைவிட்டுப் போகிறதே என்றுதான் சந்தோஷமாக இருந்தது.