அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிய பஸ்

கண்டக்டர் வேலைக்குச் சேரும்போது முதலாளி மூன்று சாமான் கொடுப்பார்: பை, டிக்கெட் மிஷின், விசில். நான்காவது சாமானை அவனவனே தேடிக்கொள்ள வேண்டும். அது ஒரே ஒரு வார்த்தை. கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் என் ஆயுசு முழுக்க அதைச் சொல்லியே பிழைத்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க." கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஊர் போய்ச் சேர்ந்த புண்ணியவான்களே, இந்த வார்த்தையால் நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். சொன்ன வாய்க்கும் வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

முகூர்த்த நாள்

ஒரு முகூர்த்த நாளில் என் பஸ் எப்படி இருந்தது என்றால், முன் படியில் ஒருவர் தும்மினார், பின் படியில் ஒருவர் கீழே விழுந்தார். நம்பாதவர்கள் என் டிரைவர் மச்சானைக் கேட்டுக்கொள்ளலாம். அவனும் என்னைப் போலத்தான் சொல்வான்.

அந்த நெரிசலில் ஒரு பெரியவருக்கு முதுகு அரித்தது. கையைப் பின்னால் விட்டுச் சொறிய ஆரம்பித்தார். ஆலப்பாக்கத்தில் ஆரம்பித்தவர் புதுச்சத்திரம் தாண்டியும் சொறிகிறார், அரிப்பு மட்டும் அடங்கவில்லை. அப்புறம்தான் நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொறிந்துகொண்டிருந்தது பின்னால் நின்ற பரங்கிப்பேட்டைக்காரர் முதுகை. துபாயிலிருந்து லீவில் வந்தவர், கண்ணை மூடிச் சொக்கிப்போய் நிற்கிறார். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் பதறிப்போய்க் கையை எடுத்தார். துபாய்க்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நிறுத்தாதீங்க மாமா, இன்னும் கொஞ்சம் மேல."

வார்த்தையின் சொந்த ஊர்

கடலூரில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கும் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் உண்டு. காலேஜில் பாடம் எடுப்பவர். என் வார்த்தையை அதிகமாகக் கேட்டுக் காது புளித்தவரும் அவர்தான். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, "சார், இந்த அட்ஜஸ்ட் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டேன். மனிதர் மலர்ந்துவிட்டார். யாரும் கேட்காத கேள்விக்கு வருஷக்கணக்காகப் பதில் வைத்திருந்தவர் போல.

லத்தீனில் அதற்கு 'கிட்டக் கொண்டுவா' என்பதுதான் அர்த்தமாம். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிப் புழங்கினார்களாம். நடுவில் படித்தவர்கள் சிலர், இது நியாயம் என்று அர்த்தமுள்ள 'ஜஸ்ட்' என்கிற வார்த்தையின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று தப்பாக நினைத்துவிட, 'சரிப்படுத்து' என்கிற அர்த்தமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: மெக்கானிக் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுகிறான், டெய்லர் ரவிக்கையை, டிரைவர் கண்ணாடியை. லீவு வேண்டுமென்றால் கூட வேலை செய்பவனை அட்ஜஸ்ட் பண்ணுகிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மறுநாளே அவளை எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லிவிடுகிறோம்.

பக்கத்தில் ஒரு மீன் கூடையும் அதற்குச் சொந்தக்கார அம்மாவும் வந்து சேர்ந்ததும் வாத்தியார் ஜன்னலோடு ஒண்டிக்கொண்டு சொன்னார்: "உங்க பஸ்ஸுல மட்டுந்தான்யா அது பொறந்தப்ப இருந்த அர்த்தத்துலயே இன்னும் ஓடுது."

பொம்பளை சீட்டு

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தனியாக வரும் பெண்ணைத் தெரியாத ஆண் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. இன்னொரு பெண்ணோடுதான் சேர்க்க வேண்டும். கண் பார்க்கும், கை காட்டும், மூளைக்கு அதில் வேலை இல்லை. என் வினையே அதுதான்.

புதுச்சத்திரத்தில் செல்வி என்று ஒரு பெண் ஏறுவாள், கடலூர் கோர்ட்டுக்கு. புருஷன் சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இவள் கோபித்துக்கொண்டு அம்மா வீடு வந்துவிட்டாள். சேர்ந்து வாழ வரவேண்டும் என்று அவன் கேஸ் போட்டிருந்தான். வருகிறேன், தனி வீடு பார் என்பது இவள் பிடிவாதம். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் போன் பேசினால் ஊருக்கே பேசியதுதான்.

அன்றைக்கும் அடைசல். ரெண்டு பேர் சீட்டில் ஒரு வயசான அம்மா பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பையை மடியில வச்சிக்கம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்று சொல்லி, தயங்கி நின்ற செல்வியை அங்கே உட்கார வைத்தேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவள் வழிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனால், மச்சான் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான். அவன் அந்த அம்மா இருக்கும் தெருவிலேயே குடியிருப்பவன். "மாமியாரையும் மருமவளையும் ஒரே சீட்டுல போட்டுட்டியே மச்சான், கோர்ட்டு இங்கியே நடக்கப் போவுது."

எறங்குற எடம்

இடம் மாற்றிவிடலாம் என்றால் கால் வைக்க இடமில்லை. நானும் திரும்பி வந்து அவர்கள் சீட்டை ஒட்டியே நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, கண்டக்டருக்குக் காது இருக்கும் பக்கத்தில்தான் சண்டை நடந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமியார் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள். வக்கீல், சொந்தக்காரர்கள், பெற்றவர்கள் எல்லாரும் சொன்னதையே அவளும் சொன்னாள்: எல்லா வீட்டிலேயும் இருக்கிறதுதான், வந்து அட்ஜஸ்ட் பண்ணிக்க. ஒரே ரூமில் புடவையைத் திரை கட்டி, அந்தப் பக்கம் கொழுந்தன், இந்தப் பக்கம் செல்வியும் புருஷனும் என்று இருந்த வீடு அது. செல்வி சத்தம் போடவில்லை. எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான் சொன்னாள்: "பஸ்ஸுல பண்றேன் அத்தை, எறங்குற எடம் தெரியும். உங்க வூட்ல எந்த ஸ்டாப்புல எறங்குறது?"

அன்று முழுக்க அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. "தள்ளி ஒக்காருங்க" என்றே ஓட்டினேன்.

சாயங்கால டிரிப்

சாயங்காலம் கடலூரில் மூன்று பேரும் ஏறினார்கள். செல்வி, புருஷன், மாமியார். புருஷனும் பொண்டாட்டியும் பின்னால் ஒரு சீட்டில் பிணக்கு முழுசாகத் தீராத முகத்தோடு உட்கார்ந்தார்கள். மாமியார் அவர்களுக்கு ரெண்டு சீட்டு முன்னால், பழையபடி பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் வாயைத் திறக்கும் முன்பே பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். முகம் அழுத முகம்தான். கேஸ் என்ன ஆச்சு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மிஷினைத் தட்டிக்கொண்டே நின்றேன். அவளே சொன்னாள்: "தனி வூடு பாத்துக்கச் சொல்லிட்டேன்பா. நம்ம தெருவுலியே, ரெண்டு வூடு தள்ளி. கூப்ட்டா காது கேக்கும்."

கிட்டக் கொண்டுவா என்று சொன்ன லத்தீன்காரர்கள் எவ்வளவு கிட்ட என்பதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்தப் பாக்கி அளவைப் போடத்தான் இந்த ரூட்டில் ஒரு கண்டக்டரும் ஒரு மாமியாரும் தேவைப்பட்டார்கள்.