நாலாவது வாகனம்

உமாசுதனை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். மெல்பேர்னின் கிரான்பர்னில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து வாகனத்துக்கு ரயர் மாற்றித் தருவார், தேத்தண்ணி குடிக்க நிற்கமாட்டார். படகில் அகதியாக வந்தவர், இன்னும் தற்காலிக விசாதான். பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் அவருடைய கடை. ரயர், வாகனம் தூக்கும் ஜக், காற்றுப் பம்பு எல்லாம் அதற்குள்ளே. அது ஓடாவிட்டால் அவருடைய வீட்டில் உலை கொதிக்காது.

அவரை அந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டது நான். ஏன் கூப்பிட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் சிவபாலனும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் புதிதாக ஃபோர் வீல் வாகனங்கள் வாங்கியிருந்தார்கள். கடைக்கும் கோயிலுக்கும் ஓடிய வாகனங்கள், மண்ணைக் கண்டதில்லை. மில்டுராவில் ஓர் இரவு தங்கி, விடிய வெளிக்கிட்டு, டார்லிங் ஆற்றோரச் செம்மண் பாதையில் ஒரு நாள் ஓடித் திரும்புவது திட்டம். மூன்றாகப் போனால் காரியம் கெடும், போகக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஊரில் மூன்று பேர் போகவேண்டி வந்தால் ஒரு கல்லைப் பொக்கெற்றுக்குள் போட்டு நாலாக்கிக்கொள்வோம். அப்படித்தான் உமாசுதனுக்குப் போன் எடுத்து, வாகனம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று புளுகினேன். மனுசன் சந்தோசப்பட்டுவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் மெல்பேர்னை விட்டு வெளியே போனதில்லையாம். திங்கட்கிழமை ஸ்பிரிங்வேலில் லொறிகளுக்கு ரயர் மாற்றும் புது வேலை தொடங்குகிறது, அதற்குள் திரும்பிவிட்டால் போதும் என்றார்.

வழியில் கதைக்க நாலு வாகனத்துக்கும் வோக்கி டோக்கி வைத்திருந்தோம். வெள்ளைக்காரர் கேட்டாலும் விளங்காது என்ற துணிவில் எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்ததெல்லாம் அதில் கதைத்தார்கள். கடைசியாக வருகிறவருக்கு விளங்காதா? அதை யோசிக்காமல் என் கணவர், என் மனிசி யோகா போட்ட கல்லும் பின்னால் உருண்டு வருகிறது என்று சிரித்து, முழுக்கதையையும் விளம்பினார். நான் வோக்கியைப் பறித்தேன். பிந்திவிட்டது. இரைச்சலுக்குள் உமாசுதனின் குரல், வழமைபோலவே.

“ஓம் அண்ணை, வாறன். தூசி கனக்க. கொஞ்சம் இடைவெளி விட்டு வாறன்.”

மத்தியானம் ஆற்றங்கரை மர நிழலில் சோத்துப் பார்சல் பிரித்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. உமாசுதன் கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கிறது என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு என் கணவருக்கு வாகனத்தைத் தண்ணீரோரம் இறக்கிப் படம் எடுக்கும் ஆசை வந்தது. மேலேதான் காய்ந்திருக்கிறது, கீழே களி, இறக்கவேண்டாம் என்று உமாசுதன் மறித்தார். கேட்டால்தானே! வாகனம் அச்சுவரை புதைந்தது. கூட்டாளிகள் இருவரும் தங்கள் புது வாகனங்களைப் பார்த்தார்கள், பிறகு காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்கள். உமாசுதன் இழுக்கும் பட்டியோடு வந்தார். ஜீப்புக்கு ஏதும் வந்தால் திங்கட்கிழமை வேலை என்னாவது, விடுங்கோ என்றேன்.

“அதுக்காக ஆத்துக்க விட்டிட்டுப் போறதே, அக்கா?”

மூன்றாம் இழுவையில் எங்கள் வாகனம் மேலே வந்தது. கூடவே கருகல் மணமும் வந்தது. ஜீப்பின் கிளச் போய்விட்டது. ஜக்கையும் பம்பையும் எங்கள் வாகனத்துக்கு மாற்றிய பிறகு, மில்டுராவிலிருந்து வந்த லொறி அதை ஏற்றிப் போனது. திருத்த இரண்டு கிழமையாகுமாம்.

எங்களோடு ஏறுவதற்கு முதல் உமாசுதன் பாதையோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தார். மனவருத்தமாக்கும் என்று விட்டேன். திரும்பி வந்தவர், ஒரு சின்னக் கல்லைச் சேட்டில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“திரும்பிப் போக மூண்டு வாகனம்தானே, அக்கா. இதை வைச்சிருங்கோ.”

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நாங்கள் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் தந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லை மடியில் வைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னேன்.

“திங்கள் விடிய இந்த வாகனமும் திறப்பும் உமாசுதனிட்ட. அவற்ற ஜீப் வரும் வரைக்கும் நீங்கள் வேலைக்கு ரயிலில போங்கோ.”

இருக்கையெல்லாம் கிரீஸ் பட்டுவிடும் என்று தொடங்கியவர், என் மடியில் கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு வாகனத்தை எடுத்தார்.