கேஷிகா பீங்கான் சட்டியில் சுட்ட கேக்

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டுவரிசையில், பிறந்தநாளோ கல்யாணமோ சடங்கோ, எதற்கென்றாலும் கேக் அடித்துக் கொடுத்து நல்ல பெயர் எடுத்தவள் அன்னம்மா. அந்தப் பெயரை ஒரே பேச்சில் கெடுத்தவள் கேஷிகா. வேறு யாருமில்லை, புருஷனோடு கூடப்பிறந்த தங்கை. அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து கேக் அடிக்கக் கற்றுக்கொடுத்ததே அன்னம்மாதான்.

அன்னம்மாவின் புருஷன் நாகலிங்கம் இறம்பொடை வளைவில் மரக்கறி லொறி கவிழ்ந்து செத்துப்போன வருஷமே கேஷிகா ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி துவைக்கும்போது நாலு பேர் காதில் விழும்படி, "எங்க அண்ணனையே முழுங்குன கை அது. அந்தக் கையால அடிச்ச கேக்க நல்ல காரியத்துல வெட்டுனா வெளங்குமா?" என்றாள். அவ்வளவுதான். கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாம் கேஷிகாவின் வாசலுக்குத் திரும்பின. அன்னம்மாவுக்கு மிஞ்சியது ஹட்டன் கடை ஒன்றுக்குப் போகும் பிரெட் புடிங் மட்டும். பிழைப்பைப் பறித்ததைக்கூட மன்னித்திருப்பாள். புருஷனைக் கொன்றவள் என்று சொன்னதை மன்னிக்க அவள் என்ன சாமியா?

அப்படிப் பேசிய கேஷிகா ஒருநாள் கூச்சமே இல்லாமல் அன்னம்மாவின் வாசலில் வந்து நின்றாள். அதே லயத்துப் பிரியந்தியின் மகள் பெரிய மனுஷியாகிச் சடங்காம். பெரிய கேக் வேண்டுமாம். கேக் சுட அவ்வளவு பெரிய தட்டு தன்னிடம் இல்லையாம்.

"அண்ணி, ஒங்க தட்டு ஒண்ணு தாங்களேன். சடங்கு முடிஞ்ச ஒடனே கொண்டாந்து தாறேன்."

லயத்தில் பாத்திரம் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். அன்னம்மா இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று கறுத்து ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டு. மற்றது புடிங் சுடுகிற தடித்த பீங்கான் சட்டி. நல்ல நீலம், பளபளப்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி.

"எது வேணுமோ நீயே எடுத்துக்க."

கேஷிகாவின் கண் நீலத்தில் ஒட்டிக்கொண்டது. "இத அப்புடியே மேடையில வைக்கலாம்ல? ஓவன்ல வெச்சா வெடிக்குமா அண்ணி?"

"வெடிக்காது. நான் ஓவன்லதான் வைக்கிறேன்."

சொன்னதில் பொய்யே இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது. அலுமினியம் சட்டென்று சூடேறும்; கேக் எழும்பி, ஓரம் சிவந்து, நேரத்துக்கு வெந்துவிடும். பீங்கான் எருமை மாதிரி. மெதுவாகத்தான் சூடாகும், சூடானால் லேசில் ஆறாது. பாலில் ஊறிய ரொட்டிக்கு அந்த நிதானம் நல்லது. புடிங் பதமாக இறுகி, பரிமாறும் வரை இளஞ்சூட்டோடு இருக்கும். அதில் கேக் சுடுவதென்றால் சூட்டைக் குறைத்து நெடுநேரம் பொறுத்திருக்க வேண்டும். கேஷிகா கற்றதெல்லாம் அலுமினியத் தட்டின் கணக்கு. பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து அன்னம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது.

சடங்கன்று காலையில் அன்னம்மா அந்தக் கறுத்த தட்டில் ஒரு பட்டர் கேக் சுட்டு மூடி வைத்தாள். பிறகு கலாசார மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தாலி இழந்தவளுக்கு அங்கேதான் இடம். மேடையில் நீலச் சட்டி மின்னியது. மேல் சிவந்ததைப் பார்த்து வெந்துவிட்டதென்று எடுத்து, ஐசிங் பூசி ரோஜாப்பூவும் வைத்திருந்தாள் கேஷிகா. சடங்குப் பெண் கத்தியை வைத்தாள். ஓரம் கல்லாக இருந்தது, கத்தி இறங்கவில்லை. நடுவில் குத்தினாள். பொதக்கென்று உள்ளே போன கத்தி பச்சை மாவு ஒழுக வெளியே வந்தது. கேமராக்காரர் படம் பிடிப்பதை நிறுத்தினார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேஷிகாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதை நன்றாகப் பார்ப்பதற்காக அன்னம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

பிரியந்தி பின்வரிசைக்கு ஓடிவந்தாள். "அக்கா, ஒங்க வீட்டுல கேக் ஏதும் இருக்குங்களா? மானம் போகுது."

"இருக்கு. என் கை ஆகாதுன்னு சொன்னவ வந்து கேக்கட்டும். மொத துண்டையும் அவதான் திங்கணும், எல்லாருக்கும் முன்னால. இல்லாட்டி தர மாட்டேன்."

பிரியந்தி போய்ப் பிடித்த பிடியில் கேஷிகா வந்தாள். தலையைக் குனிந்தபடி, "குடுங்க அண்ணி" என்றாள்.

"யாருக்கும் கேக்கல."

"குடுங்க அண்ணி!"

மண்டபத்துக்கு மேலே மேட்டில்தான் லயம். கேக் வந்தது, பெண் வெட்டினாள். முதல் துண்டை அன்னம்மாவே எடுத்து நாத்தனாரின் வாயில் வைத்தாள். கேஷிகா மென்றாள். கண்ணீர் வழிய வழிய மென்றாள்.

"இப்ப சொல்லு. ஒங்க அண்ணன் என் கையாலயா செத்தாரு?"

கேஷிகா வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"இல்ல அண்ணி. லொறி கவுந்துதான்."

இரக்கம் வருமோ என்று அன்னம்மா ஒரு கணம் நின்று பார்த்தாள். துளியும் வரவில்லை. மேடையை விட்டு இறங்கினாள். கேஷிகாவுக்கென்று முன் வரிசையில் ஒதுக்கியிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அவளுக்கு இன்னொரு துண்டு குடுங்க."